கயிற்றுக்கு வெளியே

ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

"என் முகத்தில் விழிக்காதே, போனும் செய்யாதே, வேலை விஷயமாக ஏதாவது இருந்தால் எழுத்தில் கொடு" என்று நீ சொல்லி ஏழு மாதம் ஆகிறது. எழுத்தில் கொடுக்கிறேன். துறை ஜீப் வாரம் இரண்டு தடவை இங்கே வந்து படிவப் பையை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பையிலேயே இதையும் போட்டிருக்கிறேன்.

முதலில் வேலை. இந்த வட்டத்தில் மக்காச்சோள விளைச்சல் கணக்குக்கு நீ தலைமை அலுவலகத்தில் குலுக்கிப் போட்டு எடுத்த பன்னிரண்டு இடங்களும் முடிந்தன. நீ கொடுத்த நிலத்து எண், மூலையிலிருந்து இத்தனை அடி உள்ளே, இத்தனை அடி பக்கவாட்டில் என்று எல்லாம் சரியாகப் பார்த்து, நாலு முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே இருந்த கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். என் காலால் நடந்தேன், என் கையால் உரித்தேன். போன வருடம் மாதிரி அறையில் உட்கார்ந்து நிரப்பவில்லை. சோளக் கதிரில் மணி வரிசை எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும் என்பதுகூடத் தெரியாமல் பதிமூன்று, பதினைந்து என்று எழுதி உன்னிடம் மாட்டிக்கொண்ட மடையன் இல்லை இப்போது நான். சொந்தத் தம்பியைப் பற்றி இயக்குநருக்குப் புகார் எழுதிய கை உன்னுடையது. அதை நான் மறக்கவில்லை.

விளைச்சல் அமோகம். படிவத்தில் பார்.

இனி வேலையில் சேராத ஒன்று. பன்னிரண்டாவது இடம் முடிந்ததும் பசித்தது. கயிற்றுக்குள் இருப்பதைத் தொடக்கூடாது என்பதால், ஒரு எட்டு வெளியே போய் ஒரு கதிரை ஒடித்தேன், சுட்டுத் தின்னலாம் என்று. கையில் கனமே இல்லை. உரித்தால் உறைக்குள் உறை, அதற்குள் நடுக்கட்டை, அதில் ஒரு மணி இல்லை. பக்கத்துக் கதிரும் அப்படித்தான். அன்று மாலைக்குள் நூற்றுக்கு மேல் உரித்துவிட்டேன். பன்னிரண்டு இடங்களுக்கும் திரும்பிப் போனேன். கயிற்றுக்கு உள்ளே மணி முத்து முத்தாக இருக்கிறது. கயிற்றுக்கு வெளியே எங்கேயும் ஒன்றுமில்லை.

செடி பச்சையாக, ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது. சாலையிலிருந்து பார்ப்பவன் கண் வைப்பான்.

மாமாவையும் சிட்டுவையும் கேட்டதாகச் சொல். சொல்ல மனமில்லை என்றால் விடு.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பி,

எனக்குக் காது குத்தி நாற்பது வருடம் ஆகிறது. நீ மறுபடி குத்தாதே.

போன வருடம் நடக்காமலே நிரப்பினாய். இந்த வருடம் நடக்கப் பிடிக்காமல் கதை கட்டுகிறாய். மற்ற வட்டங்களில் உனக்கு மீதி இருக்கும் முப்பது இடங்களுக்குப் போகாமல் இருக்க இது உன் புது வழி, அவ்வளவுதான். கயிற்றுக்கு உள்ளே இருப்பதை எண்ணத்தான் உனக்குச் சம்பளம். வெளியே இருப்பதைப் பற்றி யாராவது உன்னைக் கேட்டார்களா?

உன் படிவங்கள் வந்தன. எல்லா வட்டத்திலிருந்தும் அதே மாதிரிதான் வருகின்றன. இயக்குநர் வாயெல்லாம் பல்லாகத் திரிகிறார். இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை நாட்டின் சோள நிலவரத்தை வெளியிடுகிறோம். "போதும், மிச்சமும் இருக்கிறது" என்று நாங்கள் சொன்னால், வெளிநாட்டிலிருந்து சோளம் ஏற்றி வரவேண்டிய கப்பல்களை அமைச்சகம் அன்றே ரத்து செய்துவிடும். அதற்குப் பிறகு அடுத்த அறுவடை வரை இந்த நாடு தன் வயலில் இருப்பதைத்தான் தின்ன வேண்டும். அதனால் உன் விளையாட்டை வேறு எங்காவது வைத்துக்கொள்.

உண்மை என்று சாதிக்கிறாயானால் கதிரை அனுப்பு. வாய்ப்பேச்சு வேண்டாம்.

புகார் எழுதிய கை என்னுடையதுதான். எழுதிவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை. அதையும் தெரிந்து வைத்துக்கொள்.

மாமாவுக்கு முதுகுவலி. சிட்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அவளுடைய மாமா எப்போது வருவார் என்று உன்னைத்தான் கேட்கிறாள்.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

ஆறு கதிர் பையில் இருக்கிறது. முத்திரை வைத்திருக்கிறேன். நீயே உடை.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குப் பின்கட்டை ஒட்டி ஒரு நிலம் இருக்கிறது, எண் 212. கணவர் இல்லை, இரண்டு பெண்கள். போன வாரம் அவரும் ஒரு கதிரை உரித்துப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து என்னை விடுவதில்லை. "சார், எல்லார் நிலத்துலயும் கயிறு கட்டறீங்க, என் நிலத்துல மட்டும் ஏன் கட்ட மாட்டேங்கறீங்க? நான் என்ன பாவம் பண்ணேன்?" என்கிறார். ஊரில் இப்போது கயிறு என்றால் அத்தனை மரியாதை. என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள்.

அவர் மனம் ஆறட்டும் என்று நானே முளை அடித்து ஒரு கயிறு கட்டினேன். இரண்டு நாள் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கயிறு கட்டுவதில் விஷயம் இல்லை, அக்கா. நீ குலுக்கி எடுப்பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே உன் வழியிலேயே வருகிறேன். அந்த நிலத்தில் அங்கங்கே நாற்பது கதிர்களை நுனியில் பிரித்து, உள்ளே வெறும் கட்டைதான் என்று கண்ணால் பார்த்து, உறையை மூடிச் சிவப்பு நூலால் கட்டி வைத்திருக்கிறேன். நீ 212ஐ எடு. எத்தனை அடி உள்ளே, எத்தனை அடி பக்கவாட்டில் என்று நீயே குலுக்கி எழுது. யாரிடமும் சொல்லாதே. எழுதிய நேரத்தை மட்டும் குறித்து வை.

நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தால் நீயே என்னை வேலையிலிருந்து தூக்கிவிடு. நானே ராஜினாமா எழுதித் தருகிறேன், சிரமம் வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 19

தம்பி,

உன் கதிர்களை என் மேசையில் வைத்து உரித்தேன். பூச்சி அரித்த தடம் இல்லை. எலி கடித்த பல் இல்லை. மணி இருக்க வேண்டிய குழிகள் மட்டும் வரிசையாக இருந்தன. எண்ணினேன், பழக்க தோஷம். பதினாலு வரிசை, பதினாறு வரிசை, எல்லாம் இரட்டைப்படை. இதை உன்னால் செய்து அனுப்ப முடியாது. உனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, சாப்பிட்டு முடிச்சதையா ஆபீசுக்குக் கொண்டாந்திருக்கீங்க?" என்றாள். சிரித்து வைத்தேன்.

நேற்று, திங்கட்கிழமை மாலை நாலு பத்துக்கு, எல்லோரும் தேநீருக்குப் போயிருந்தபோது 212ஐ எடுத்தேன். இருபது வருடத்தில் முதல் தடவையாகக் குலுக்காமல் கையால் எடுத்தேன். அடிக் கணக்கை மட்டும் குலுக்கினேன். வடகிழக்கு மூலையிலிருந்து முப்பத்தோரு அடி உள்ளே, பன்னிரண்டு அடி இடப்பக்கம். யாரிடமும் சொல்லவில்லை, மாமாவிடம்கூட.

போய்ப் பார்த்துவிட்டு எழுது. ஒன்றும் இல்லை என்று எழுதினாலும் திட்ட மாட்டேன். ஒன்றும் இல்லை என்று எழுதினால் நிம்மதியாகத் தூங்குவேன்.

அக்கா


ஆகஸ்ட் 22

அக்கா,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. ஆனால் வீட்டுக்காரம்மா திங்கட்கிழமையே என்னிடம் சொல்லிவிட்டார். துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போனவர் ஓடி வந்தார். "சார், காத்தே இல்ல, ஆனா நடு வயல்ல மட்டும் சலசலன்னு சத்தம். தகரத்துல யாரோ தானியம் கொட்டற மாதிரி இருக்கு" என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலேகால்.

இன்று நீ எழுதிய இடத்தை அளந்து கயிறு கட்டினேன். என் நாற்பது கதிர்களில் ஒன்பது அதற்குள் விழுந்தன. ஒன்பதிலும் என் நூல் அப்படியே இருந்தது, என் முடிச்சு. அவிழ்த்தேன். மணி நெருக்கியடித்துக்கொண்டு நுனி வரை நின்றது. ஒரு கதிரில் முடிச்சு பிதுங்கும் அளவுக்கு. வெளியே இருந்த முப்பத்தொன்றும் வெறும் கட்டை. கயிற்றின் மேலேயே சாய்ந்து நின்ற, நான் நூல் கட்டாத ஒரு கதிர் பாதி வரைக்கும் நிறைந்திருந்தது. அதற்கு மேல் அதை நான் உரிக்கவில்லை.

வீட்டுக்காரம்மா அழுதார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மீதி நிலத்தையும் அவங்ககிட்ட சொல்லி எழுதச் சொல்லுங்க சார்" என்றார். யார் அந்த அவங்க என்று அவருக்குத் தெரியாது.

இன்னொன்று. மனம் கேட்காமல் சாயங்காலம் தண்டவாளத்து ஓரமாக நடந்தேன். ரயில்வே கேட் காவலாளி தன் அறைக்குப் பின்னால் நாலு வரிசை சோளம் போட்டிருக்கிறார். அதில் கயிறு கிடையாது, எண் கிடையாது. ஒடித்துப் பார்த்தேன். எல்லாம் சாதாரணமாக விளைந்திருக்கிறது. ஒன்றிரண்டில் புழுகூட இருக்கிறது. புழுவைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"இது எந்தக் கணக்குலயும் வராது சார், ரயில்வே இடம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார்.

யோசித்துப் பார். பட்டியலில் இருந்து, குலுக்கலிலும் வந்தது நிறைகிறது. பட்டியலில் இருந்து குலுக்கலில் வராதது காலியாகிறது. பட்டியலிலேயே இல்லாதது தன் பாட்டுக்கு விளைகிறது. இந்தப் பட்டியல் என்ன பட்டியல், அக்கா? போன வருடம் இப்படி இல்லையே. போன வருடம் நான் போகவில்லை, சரி. மற்றவர்கள் போனார்களே.

தம்பி


ஆகஸ்ட் 27

தம்பி,

அந்தப் பட்டியலைப் போட்டது நான்.

முன்பெல்லாம் வட்டத்துக்கு ஒரு நோட்டு. பாதி கிழிந்திருக்கும், பாதி நிலம் விட்டுப்போயிருக்கும். பேரன் அனுபவிக்கிற நிலம் தாத்தா பெயரில் இருக்கும். எனக்கு அது பிடிக்காது. உனக்குத்தான் தெரியுமே, அலமாரியில் துணி கோணலாக இருந்தாலே எனக்குத் தூக்கம் வராது. போன குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, நாட்டில் சோளம் போடுகிற அத்தனை நிலத்தையும் ஒரே பட்டியலில் கொண்டுவந்தேன். ஒன்று விடாமல், ஒன்று இரட்டிக்காமல். பதினொரு தொகுதி. இயக்குநர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். உன்னைப் பற்றிப் புகார் எழுதிய அதே வாரம்தான். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

நேற்று உன் கதிர்களை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இது எந்த இடத்துலேர்ந்து எடுத்தது?" என்றார்.

"கயித்துக்கு வெளியே சார்."

"அப்ப அது நம்ம விஷயம் இல்லையேம்மா."

"சார், நாட்டுல முக்கால்வாசி அதுதான் சார். வெள்ளிக்கிழமை மிச்சம் இருக்குன்னு சொல்லிட்டா கப்பல் வராது. ஜனங்க எதைத் தின்னுவாங்க?"

"படிவத்துல இருக்கறதைத்தான் நாம சொல்ல முடியும். படிவம் நல்லா இருக்கு. உங்க பட்டியலும் நல்லா இருக்கு. இவ்வளவு சுத்தமா ஒரு பட்டியலை நான் பார்த்ததே இல்ல" என்றார். கதிரை ஒழுங்காக உறையால் மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

நாளைக்கு வியாழக்கிழமை. தொகுதிகள் இருக்கும் அறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. பட்டியலின் நகல் கணினியில் இருக்கிறது, அதுவும் என் பொறுப்பு. இரண்டையும் இல்லாமல் ஆக்கப்போகிறேன். பட்டியல் இல்லாவிட்டால் படிவம் செல்லாது. படிவம் செல்லாவிட்டால் அறிக்கை கிடையாது. அறிக்கை இல்லாமல் கப்பலை ரத்து செய்யவும் முடியாது. வயல் திரும்புமா என்று எனக்குத் தெரியாது. திரும்பாவிட்டாலும் கப்பலாவது வரும்.

மாமாவிடம் சொன்னேன். "வேலை போயிடும், தெரியும்ல?" என்றார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டே எழுந்து, "தீப்பெட்டி எடுத்துக்கோ" என்றார். உன் மாமா ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவார், ஆனால் சமயத்துக்குப் பேசுவார்.

உன்னை நம்பாமல் போனதற்கு மன்னித்துக்கொள். இதை எழுத ஒரு கடிதம் முழுவதும் சுற்றி வந்திருக்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 2

என் அக்காவுக்கு,

நிறைந்துவிட்டது!

வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு ஆரம்பித்தது. முதலில் 212, பிறகு எதிர்ப்புறம், பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் வரை அந்தச் சலசலப்பு. மழை வருகிறதோ என்று எல்லோரும் வெளியே வந்தார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஊரே சாலையில் வரிசையாக நின்று வாயைத் திறந்துகொண்டு வயலைப் பார்த்தது. செடிகள் ஒவ்வொன்றாகப் பாரம் தாங்காமல் சாய்ந்தன. மூன்று மணி நேரம். நாய்கள் மட்டும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

நீ எத்தனை மணிக்குக் கொளுத்தினாய்? நான் கேட்காமலே எனக்குத் தெரியும்.

கயிறுகளை எல்லாம் அறுத்து எறிந்தேன். வீட்டுக்காரம்மா முளைகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார். அரசாங்கச் சொத்து என்று சொல்லிப் பார்த்தேன். "அரசாங்கம் வந்து கேக்கட்டும், சாம்பல் தர்றேன்" என்றார். இரண்டு பெண்களும் கதிரை உரித்து உரித்து என் மடியில் போட்டார்கள். புழு இருக்கிறது, கோணல் இருக்கிறது, நுனி காய்ந்தது இருக்கிறது. அவ்வளவு அழகு.

வானொலியில் "இந்த ஆண்டு சோள நிலவரம் வெளியிடப்படவில்லை" என்று ஒரு வரி சொன்னார்கள். எழுந்து நின்று கைதட்டினேன். நாட்டுக்கே தெரியாமல் நாட்டுக்குச் சோறு போட்டிருக்கிறாய். புகார் எழுதிய கையைப் பற்றி இனி வாயைத் திறக்க மாட்டேன்.

வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களா? எடுத்தால் மூன்று பேரும் இங்கே வந்துவிடுங்கள். இடம் இருக்கிறது. சிட்டுவுக்கு இரண்டு அக்காக்களும் கிடைப்பார்கள்.

நேற்று உன் அலுவலகத்து ஆட்கள் போல இரண்டு பேர் வந்தார்கள். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. வயல் பக்கமே திரும்பவில்லை. வீடு வீடாகக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டுக்கொண்டே போனார்கள். எங்களுக்கு 47. எதற்கு என்று கேட்டால், "ஒரு வீடு விடாம எழுதறோம் சார், புதுப் பட்டியல்" என்று சிரித்தார்கள். உனக்கு ஏதாவது தெரியுமா?

தம்பி


செப்டம்பர் 9

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் துறைப் பையில் போடவில்லை. உங்கள் பக்கம் வரும் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்றே உன் கையில் கிடைத்துவிடும். நின்றபடியே படி.

என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. திட்டவும் இல்லை. திங்கட்கிழமை இயக்குநர் கூப்பிட்டு, சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், ஜனங்களைக் கணக்கெடுக்கும் பிரிவுக்கு என்னை மாற்றியிருப்பதாகச் சொன்னார். "நீங்க கண்டுபிடிச்ச முறை அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சும்மா. ஒரே பட்டியல், ஒண்ணு விடாம" என்றார்.

அங்கே போனபோது பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது. நாட்டில் உள்ள அத்தனை வீடும். அதே கட்டம், அதே கோடு, நான் ஓரத்தில் போடும் சின்னப் புள்ளிகூட அப்படியே. இந்த முறை சாவி என்னிடம் இல்லை. அவர்கள் எடுத்துத் தரும் எண்ணை நகல் எடுப்பது மட்டும்தான் என் வேலை. பத்து வீட்டுக்கு ஒரு வீடு. குலுக்கலை வெள்ளிக்கிழமை முடித்துவிட்டார்கள்.

உன் ஊர்த் தாளைத் தேடிப் பார்த்தேன். 47 பட்டியலில் இருக்கிறது. குலுக்கலில் வரவில்லை.

எங்கள் தெருவில் வந்தது மூன்றாம் வீடு. நாங்கள் ஏழாம் வீடு.

எதிர்வீட்டுத் தையல்காரர் குடும்பத்தைச் சனிக்கிழமையிலிருந்து பார்க்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. நேற்று மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்து ஆடிப்போய் உட்கார்ந்துவிட்டார். பிறகு நானும் போனேன். தையல் இயந்திரத்தின் முன்னால் நாற்காலியில் அவர் சட்டை உட்கார்ந்திருந்தது. கழுத்து வரை பொத்தான் போட்டபடி. சட்டைக் கைகள் தைக்கிற துணியின் மேல் வைத்தபடி. அளவு நாடா காலரைச் சுற்றித் தொங்கியது. உள்ளே அவர் இல்லை. சமையலறையில் அவர் மனைவியின் சேலை, கட்டிய மடிப்போடு, அடுப்புக்கு எதிரே கிடந்தது. தெருவில் இன்று காலை யாரும் தண்ணீர் பிடிக்க வரவில்லை. மூன்றாம் வீட்டில் மட்டும் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், கன்னம் உப்பிப்போய். வாசலில் நின்று எனக்குக் கை காட்டினார்கள்.

எங்களுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கதிரும் ஒரே நாளில் காலியாகியிருக்காது.

வீட்டுக்காரம்மாவையும் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு உடனே அந்த வீட்டை விட்டு வெளியே வா. பாத்திரம் பண்டம் எதையும் எடுக்காதே. நாங்கள் மூன்று பேரும் கிளம்பிவிட்டோம். பெரிய பேருந்து நிலையத்தில் நாலாம் நடைமேடைக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறோம். அது யாருடைய வீடும் இல்லை, அதற்கு எண் கிடையாது. சிட்டுவைப் பெஞ்சில் உட்காரவிடாமல் மடியிலேயே வைத்திருக்கிறேன். கால் மரத்துப் போய்விட்டது. மரத்துப் போகட்டும், அந்தக் கனம் எனக்கு வேண்டும்.

எட்டு மாதம் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று இருந்தேன். இப்போது ஒவ்வொரு பேருந்திலிருந்தும் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எந்தப் பட்டியலிலும் வராத ஓர் இடம் உனக்குத் தெரிந்திருக்கும். அதை எழுதி அனுப்பாதே. நேரில் வந்து என் காதில் சொல். எழுதினால் அதற்கும் ஒரு முகவரி ஆகிவிடும்.

அக்கா